பிந்தி அசையும் உதடு

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கர்வம் உண்டு. என்னிடம் கார் ஓட்டப் பழகிய எவரும் இன்றுவரை சுவரில் முட்டியதில்லை என்பது என் கர்வம். தான் மாட்டிக்கொடுத்த டிவியில் படம் சரியில்லை என்று யாரும் இரண்டாம் முறை கூப்பிட்டதில்லை என்பது இவருடையது. இருபத்தெட்டு வருஷமாக இந்த இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறோம், அது லேசுப்பட்ட காரியமில்லை.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். வீடு வீடாகப் போய் டிவி மாட்டுவது தொழில். சுவரில் நான்கு துளை போட்டு மாட்டிவிட்டு வருகிற ஆள் இல்லை. எந்தப் பெட்டியிலிருந்து எந்த வயர் வர வேண்டும், அது டிவியின் எந்த ஓட்டையில் போக வேண்டும், எந்த வீட்டுக்கு எந்த ரெசல்யூஷன், அதாவது படத்துக்கு எத்தனை புள்ளி, வைக்க வேண்டும், எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர். வாயும் அதற்குச் சளைத்ததில்லை. டிவி மாட்ட ஒரு மணி நேரம் என்றால் அதைப் பற்றிப் பேச இரண்டு மணி நேரம். "இருக்கிறதுலயே பெரிய நம்பரை வச்சுவிடுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். "செருப்பு வாங்கப் போனா காலுக்கு ஏத்த சைஸ் கேப்பீங்களா, கடையில இருக்கிறதுலயே பெரிசு குடுன்னு கேப்பீங்களா?" என்பார். கேட்டவர் பதில் சொல்வதற்குள் அடுத்த கதைக்குப் போயிருப்பார். சாப்பாட்டு நேரத்தில் மட்டுமாவது வாயை மூடுங்கள் என்று நான் கெஞ்சிய நாட்கள் உண்டு. அப்படிக் கெஞ்சிய நாக்கை என்ன செய்தால் தகும் என்று பிறகு பல தடவை யோசித்தேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில், பல் விளக்கிக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே வாஷ்பேசினைப் பிடித்தபடி சரிந்தார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கை முழுசாகப் போய், பாதி திரும்பி வந்தது. கால் பரவாயில்லை, பிடித்துக்கொண்டு நடந்தார். பேச்சுதான் போனது போனதுதான். அத்தனை சொற்களில் ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. "அதான்." டீ வேண்டுமென்றாலும் அதான், ஃபேனை நிறுத்தச் சொன்னாலும் அதான், என் மேல் கோபம் வந்தாலும் அதான். புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. சொல்ல வேண்டியது உள்ளே தெளிவாக இருக்கிறது, வாசல்வரை வந்து சொல் நின்றுவிடுகிறது என்று டாக்டர் சொன்னார்.

அவர்தான் எங்களைப் பேச்சு டீச்சரிடம் அனுப்பினார். பேச்சு டீச்சர் என்பது நாங்கள் வைத்த பெயர். பேச்சு இழந்தவர்களுக்குத் திரும்பப் பேசப் பயிற்சி கொடுப்பவள், என் மகளைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும். அவளுடைய முறை எளிது. அவளுடைய வாயை மட்டும் பெரிதாக வீடியோ எடுத்து வைத்திருப்பாள். அதில் மெதுவாகப் பேசுவாள். பார்க்கிறவர், அவள் பேசி முடித்த பிறகு இல்லை, அவள் பேசும்போதே, அந்த உதட்டைப் பார்த்தபடி கூடவே பேச வேண்டும். தனியாக ஒரு சொல்லும் வராதவர்கள்கூட இப்படிக் கூடச் சேர்ந்து சொல்லும்போது முழு வாக்கியம் சொல்லிவிடுவார்களாம். அப்படிச் சொல்லிச் சொல்லி ஒரு நாள் தனியாகவும் வரும் என்றாள்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் முதல் வாரமே அவளுடைய அறையில், அவள் கையில் பிடித்திருந்த சிறிய டேப்லெட்டைப் பார்த்தபடி, இவர் அவளோடு சேர்ந்து சொன்னார்: "நான் நல்லா இருக்கேன்." குரல் கரகரத்தது, ஒரு எழுத்து வழுக்கியது. ஆனால் சொன்னார். நான் வெளியே வராந்தாவுக்குப் போய், தண்ணீர் குடிப்பதுபோலக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அறைக்குத் திரும்பும்போது இந்த மனுஷனை மூன்றே மாதத்தில் பேச வைத்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டேன். பயந்து நடுங்குகிறவர்களைக்கூட இருபது நாளில் நெடுஞ்சாலையில் ஓட்ட வைத்தவள் நான்.

தினமும் வீட்டில் இரண்டு வேளை, அரை அரை மணி நேரம் பயிற்சி. அதற்கான வீடியோக்களை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். வீட்டில்தான் கதவளவு டிவி இருக்கிறதே, அதில் போட்டால் டீச்சருடைய உதடு ஒவ்வொன்றும் தலையணை அளவு தெரியும், இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த டிவி எங்கள் மகள் வாங்கியது. அவள் வேலை பார்ப்பது வேறு ஊரில். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு வாரம் லீவு போட்டு வந்தாள். "ஊருக்கெல்லாம் மாட்டிக்குடுத்தாரு, நம்ம வீட்ல மட்டும் ஓட்டை டிவி" என்று சொல்லி, அவர் வீட்டுக்கு வரும் முன்னாலேயே புதியதை வாங்கி, தானே மாட்டி, தானே எல்லா வயரும் கொடுத்தாள். பென்டிரைவைச் சொருகினால் படம் காட்டுகிற சின்னப் பெட்டியில் இருப்பதிலேயே பெரிய ரெசல்யூஷனை வைத்தாள். டிவியில் படத்தை அழகுபடுத்துகிற வசதி என்று என்னென்ன இருந்ததோ, அத்தனையையும் தட்டிவிட்டாள். அப்பாவுக்குத் தன்னுடைய பழைய ஸ்பீக்கர்கள் மேல் உயிர் என்பதால், அந்தப் பெட்டியிலிருந்து ஒலிக்கு மட்டும் தனியாகச் சிவப்பு வெள்ளை வயர் ஒன்றை இழுத்து நேராக ஸ்பீக்கருக்குக் கொடுத்தாள். எல்லாம் பாசத்தில் செய்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் அன்று நினைத்தேன்.

இவர் மட்டும் முதல் நாளிலிருந்தே அந்த டிவியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். தன் வீட்டில் தன்னைக் கேட்காமல் இன்னொருவர் மாட்டிவிட்டார்களே என்ற வருத்தம் என்று நானும் மகளும் பேசிக்கொண்டோம்.

பயிற்சி தொடங்கிய நாளே சண்டை. டிவியில் டீச்சரின் வாய் பேசத் தொடங்கியது. இவர் வாயைத் திறந்தார். "நா..." என்றவர் நிறுத்திவிட்டார். மறுபடி போட்டேன், மறுபடி நிறுத்தினார். மூன்றாம் முறை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கிட்டா வாயை எப்படிங்க பாப்பீங்க? திறங்க!"

"அதான்" என்றார். திறந்தார். பிறகு இடது கை ஆட்காட்டி விரலால் காதைத் தொட்டார், கண்ணைத் தொட்டார். காது, கண். காது, கண். அப்புறம் இரண்டு விரலை விரித்து இவ்வளவு என்று காட்டினார். "அதான்! அதான்!"

காது கேட்கவில்லை, கண் தெரியவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். வேறு எப்படிப் புரிந்துகொள்வது? அடுத்த நாளே காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இவர் தலையில் ஒரு ஹெட்போனை மாட்டிக் கால் மணி நேரம் சோதித்துவிட்டு, "உங்களைவிட இவருக்கு நல்லாவே கேக்குதும்மா" என்றார். கண் டாக்டர் பழைய கண்ணாடியே போதும் என்றார். திரும்பி வரும்போது காரில் இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஒரு மக்குப் பிள்ளையைப் பார்க்கிற வாத்தியார் பார்வை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு வேளையும் இதே கூத்து. டீச்சருடைய அறையில் டேப்லெட்டைப் பார்த்து ஐந்து வாக்கியம், ஆறு வாக்கியம் சொல்கிற மனுஷன், வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால் குத்துக்கல். மூன்றாவது வாரம் ரிமோட்டைப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தார். பின்பு அந்த அறைக்கு வருவதற்கே மறுத்தார்.

டீச்சர் கேட்டபோது மறைக்காமல் சொன்னேன். அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வீட்ல பயிற்சி நடக்கலைன்னா இங்க வாரம் மூணு நாள் வர்றதுல பிரயோஜனம் இல்ல. முதல் ஆறு மாசம்தான் வேகமா வரும். அதுல நாலு போயிடுச்சு. எனக்கு வெளியில பதினேழு பேர் காத்திருக்காங்க. சார் வீட்ல முயற்சி பண்றாருன்னு ஒரு சின்ன வீடியோ எடுத்து வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க. இல்லைன்னா இந்த இடத்தை நான் இன்னொருத்தருக்குக் குடுத்துத்தான் ஆகணும்."

"அவரு ஏன் வீட்ல மட்டும் இப்படிப் பண்றாரு?"

"சில பேருக்கு வீட்டு ஆளுங்க முன்னாடி தடுமாற வெட்கமா இருக்கும். நீங்க கொஞ்சம் அதட்டுவீங்களோ?"

அதட்டுவேனாவா? என் வேலையே அதட்டுவதுதான். என்னால்தான் இவருக்குப் பேச்சு வராமல் போகிறதா? அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, பயத்தைக் கோபமாக்கி இவர் மேலேயே கொட்டினேன். "பேசவே வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களா? எனக்காக ஒரு நிமிஷம் அந்த டிவியைப் பாத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கத்தினேன். இவர் "அதான்"கூடச் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

புதன்கிழமை காலை மைதானத்தில் ஒரு பல் டாக்டர் அம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஊரார் வாய்க்குள்ளே எல்லாம் தைரியமாகக் கை விடுகிறவள், கியரில் கை வைக்க நடுங்குவாள். வழக்கம்போல வண்டியை அணைத்துவிட்டாள்.

"பரவாயில்ல. மூச்சு விடுங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணலாம்" என்று சொல்லிவிட்டு நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் வேலி போட இரும்புக் கம்பங்களை அடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். சம்மட்டி கம்பத்தின் மேல் விழுந்தது. பிறகு 'டங்'. சம்மட்டி மேலே போய்க்கொண்டிருக்கும்போதுதான் சத்தம் இங்கே வந்து சேர்கிறது. தூரம் அப்படி. முதலில் கண், பிறகு காது.

முதலில் கண், பிறகு காது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இவர் தொட்டுக் காட்டியது அப்படி இல்லையே. ஒவ்வொரு தடவையும் காதைத்தான் முதலில் தொட்டார், அப்புறம்தான் கண்ணை. பிறகு இரண்டு விரலை விரித்து இடைவெளி காட்டினார்.

பொட்டில் அடித்தது போல இருந்தது. இவர் காதைப் பற்றியும் சொல்லவில்லை, கண்ணைப் பற்றியும் சொல்லவில்லை. டிவியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாக, கையால், தொழில்காரனாக, கோளாறு இன்னது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். நான் அவரைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்!

"மேடம், ஸ்டார்ட் பண்ணவா?" என்றாள் பல் டாக்டர்.

"இன்னிக்கு இது போதும். நான் ஓட்டறேன், நீங்க தள்ளி உக்காருங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. டிவியைப் போட்டு, டீச்சர் 'பால்' என்று சொல்கிற இடத்தைத் தேடி வைத்து, பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். 'ப' சொல்ல வேண்டுமென்றால் உதடு முதலில் மூடியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் டிவியில் உதடு திறந்தபடி இருக்கும்போதே ஸ்பீக்கரில் 'பா' வந்துவிட்டது. அதன்பிறகுதான் உதடு நிதானமாக மூடித் திறந்தது. கண்ணிமைக்கிற நேரம்தான் இடைவெளி. நியூஸ் பார்க்கிற எனக்கு அது தெரிந்ததே இல்லை. ஆனால் அந்த உதட்டை மட்டுமே கைப்பிடியாகப் பிடித்து ஏறுகிறவருக்கு? காதில் விழுவதோடு சேரலாமா, கண்ணில் படுவதோடு சேரலாமா என்று தெரியாமல் ஒவ்வொரு படியிலும் சறுக்கியிருக்கிறார். அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சருடைய டேப்லெட்டில் படமும் சத்தமும் ஒரே இடத்திலிருந்து ஒன்றாக வந்தன. அங்கே எந்தச் சறுக்கலும் இல்லை.

படுக்கையறைக்குப் போனேன். இவர் படுத்திருந்தார், தூங்கவில்லை.

"என்னங்க, தப்பு என் மேலதான். சத்தம் முன்னாடி வருது, உதடு பின்னாடி வருது. அதானே?"

இவர் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "அதான்" என்றார். இந்த நான்கு மாதத்தில் அந்தச் சொல்லை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அன்றுதான் அதற்கு அதன் அர்த்தமே இருந்தது.

"எழுந்திரிங்க. இன்னிக்கு இதை ஒரு கை பாத்துடலாம். எனக்கு வயரைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. உங்களுக்குக் கை சரியில்ல, வாய் சரியில்ல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆள் ஆவோம்ல?"

சிரித்தார். ஒரு பக்கம் கோணின சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு.

டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தேன். டிவியை அதன் சுவர்ப் பிடியோடு முன்னால் இழுத்துத் திருப்பி, அதன் முதுகுப் பக்கம் தெரிகிற மாதிரி என் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். கண்ணாடியைப் பார்த்து வேலை செய்வது எனக்குப் பழக்கம், அவருக்கும் அன்றைக்குப் பழக்கமானது. என் பாடத்தில் வைக்கிற அதே விதி: "நான் ஒண்ணொண்ணாத் தொடறேன். சரின்னா கையைத் தூக்குங்க. தப்புன்னா தொடையில தட்டுங்க. அவசரம் வேணாம்."

முதலில் எச்டிஎம்ஐ வயரைத் தொட்டேன். படமும் ஒலியும் ஒன்றாகப் போகிற தடிமனான கறுப்பு வயர் அது, அதுவரைக்கும் எனக்குத் தெரியும். தொடையில் தட்டினார், அது இருக்கட்டும் என்று. அடுத்து சிவப்பு வெள்ளை வயர், மகள் ஒலிக்கென்று தனியாக இழுத்தது. தொடுவதற்கு முன்னாலேயே கை மேலே போய்விட்டது. பெட்டியிலிருந்து பிடுங்கினேன். ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது.

"இதை இப்ப எங்க சொருகறது?"

டிவியின் முதுகில் ஒவ்வொரு ஓட்டையாக விரலை வைத்துக்கொண்டே போனேன். தட்டு, தட்டு, தட்டு. இடையில் எனக்கே ஒரு யோசனை தோன்றி, அலமாரியிலிருந்து அந்தக் காலத்து மஞ்சள் முனை வயர் ஒன்றைக் கொண்டுவந்து, "இது போட்டா?" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி, சரி, தெரியாமக் கேட்டுட்டேன்" என்று அதை ஓரமாகப் போட்டேன். கடைசியில் டிவியின் பக்கவாட்டில், சின்ன வட்ட ஓட்டை ஒன்றில் விரல் பட்டது. கை உயர்ந்தது. ஒலி வெளியே போகிற வழி அது.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இதுவரை ஒலி, பெட்டியிலிருந்து குறுக்கு வழியில் ஓடி ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்தது. படமோ டிவிக்குள் போய், அங்கே பவுடர் பூசி, தலை வாரி, அலங்காரம் முடித்து மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது. இனி இரண்டும் ஒரே வயரில் டிவிக்குள் போய்ச் சேர்ந்தே கிளம்பும். வட்ட ஓட்டையில் பொருந்துகிற முனைக்காக அவருடைய தொழில் பையைக் கொட்டித் தேடினேன். கீழே விழுந்ததில் சரியானதைக் காலாலேயே தள்ளிக் காட்டினார்.

டிவியை நேராக்கிப் போட்டுப் பார்த்தோம். 'பால்.' உதடும் சத்தமும் கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டன. எனக்குத் திருப்தி. அவருக்கு இல்லை. உள்ளங்கையைத் தண்ணீர்போல ஆட்டிக் காட்டினார். உற்றுப் பார்த்தேன். உதடு மூடித் திறக்கும்போது ஓரம் கொழகொழவென்று இழுத்துக்கொண்டு போனது.

பெட்டியின் செட்டிங்கைத் திறந்தேன். ரெசல்யூஷன் வரிசை வந்தது. மேலே 2160, பக்கத்தில் 30. அதில்தான் டிக் இருந்தது. கீழே 1080, பக்கத்தில் 60. அதற்கும் கீழே 720, இன்னும் கீழே 576. மகளுக்கு வீடியோ கால் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"அம்மா, 2160தான் ஃபோர்கே. அதுதான் பெஸ்ட். அதைக் குறைச்சுடாத! அதுக்குத்தானே இந்த டிவியே வாங்கினேன்."

"பக்கத்துல முப்பது, அறுபதுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

"அது செகண்டுக்கு எத்தனை படம்னு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "அந்தப் பெட்டி பழசும்மா. அதால ஃபோர்கேல செகண்டுக்கு முப்பதுதான் அனுப்ப முடியும். டீச்சர் வீடியோ எத்தனைல எடுத்தாங்க?"

இவருடைய போனில் டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். விநாடிக்கு அறுபது, 1080 என்றாள். உதடு அசைவது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி எடுப்பாளாம். அதாவது, அவள் பார்த்துப் பார்த்து எடுத்த படங்களில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, மீதிப் பாதியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மகளிடம் இதைச் சொன்னேன்.

"அப்பா, ஸாரிப்பா" என்றாள். "எல்லாத்துலயும் பெரிசா வச்சா உங்களுக்கு நல்லாயிடும்னு நெனைச்சேன்."

இவர் போனை இடது கையால் வாங்கித் திரையில் அவள் கன்னம் இருந்த இடத்தைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து, கீழே என்று விரலை இறக்கினார். 1080, 60. வைத்தேன். 720க்கும் போய்ப் பார்க்கட்டுமா என்று விளையாட்டுக்கு ரிமோட்டை நகர்த்தினேன். தொடையில் ஓங்கித் தட்டினார். செருப்பு சைஸ் கச்சிதம், அதற்கு மேல் கை வைக்காதே என்று அர்த்தம்.

கடைசியாக டிவியின் சொந்த மெனு. சினிமா, ஸ்போர்ட்ஸ், பளபளப்பு என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தேன். 'கேம்' என்றதும் கை மேலே போனது.

"கேமா? இப்ப உங்களுக்கு வீடியோ கேம் கேக்குதா?"

போனில் மகள் சிரித்தாள். "அப்பா சொல்றது கரெக்ட்மா. கேம் மோட்ல டிவி எந்த மேக்கப்பும் போடாது. வந்ததை வந்த மாதிரி உடனே காட்டும். வை."

வைத்தேன். படம் கொஞ்சம் வெளிறியது. டீச்சரின் உதட்டில் இருந்த பளபளப்பு போய், சாதாரண உதடு ஆனது. ஆனால் உதடு மூடியது, 'ப' வந்தது. உதடு விரிந்தது, 'ஆ' வந்தது. முடிக்கும்போது நாக்கு நுனி மேலே தொட்டது, அந்தக் கணத்திலேயே 'ல்'. இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை முடிந்த வீட்டில் ரிமோட்டை வாடிக்கையாளரிடம் கொடுக்கும்போது நிற்பாரே, அந்தத் தோரணை. இவர்தான் அன்று வேலை செய்தார், நான் வெறும் கை. இதை மனசாரச் சொல்கிறேன்.

மகளிடம் அப்புறம் பேசு என்று போனை வைத்துவிட்டுப் பயிற்சியைப் போட்டேன்.

"நான் நல்லா இருக்கேன்" என்றது டிவி. "நான் நல்லா இருக்கேன்" என்றார் இவர், கூடவே, ஒரே மூச்சில்.

"எனக்குத் தண்ணி வேணும்." "எனக்குத் தண்ணி வேணும்."

"இன்னிக்கு வெயில் அதிகம்." வெயிலில் கொஞ்சம் வழுக்கினார். அதிகத்தில் போய்ப் பிடித்துக்கொண்டார்.

வீடியோ! வெள்ளிக்கிழமைக்குள் காட்ட வேண்டிய வீடியோ! போனை எடுத்து ஓரமாக நின்று பிடித்தேன். ஓரத்திலிருந்து பாதி முகம்தான் தெரிந்தது, கோணிப்போன பக்கம் வேறு. உதடு அசைவது தெளிவாகத் தெரிந்தால்தானே அந்தப் பெண் நம்புவாள். பிடித்துக்கொண்டே ஒவ்வொரு அடியாக நகர்ந்து முன்னால் வந்தேன். அவர் முகம் முழுசாக போனில் விழுந்தது. வாய், நாக்கு, எல்லாம் கச்சிதம்.

"நாளைக்கு நான் வெளியில போவேன்" என்றது டிவி என் முதுகுக்குப் பின்னால்.

இவர் சொல்லவில்லை. வாய் பாதியில் நின்றது. மறுபடியும் நின்றுவிட்டாரா? இவ்வளவு செய்தும் இன்னும் ஏதாவது கோளாறா? எந்த வயர்? எந்த நம்பர்?

"சொல்லுங்க" என்றேன், அதட்டாமல், கெஞ்சுகிற குரலில். "நாளைக்கு நான்..."

டிவி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டது. இவர் என் முகத்தைப் பார்த்தார், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார், இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். நெற்றி சுருங்கியது. உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது. 'அதான்' வரப்போகிறது என்று நினைத்தேன்.

"தள்ளு" என்றார்.

போன் என் கையில் ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் அந்தச் சொல் இல்லை. எந்தப் பயிற்சியிலும் இல்லை. அவர் பார்த்துச் சொல்வதற்கு எதிரே ஒரு உதடுகூட இல்லை, நான்தான் மறைத்துக்கொண்டு நின்றேனே.

"என்ன சொன்னீங்க?"

"தள்ளு" என்றார் இன்னொரு முறை, இந்தத் தடவை எரிச்சலோடு, இருபத்தெட்டு வருஷமாக எனக்குத் தெரிந்த அதே எரிச்சலோடு. "தள்ளு, தள்ளு!"

நான் சொல்லி ஊரே தள்ளிப் போகும், என்னைத் தள்ளச் சொல்லி யாரும் ஜெயித்ததில்லை. அன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், அழுதுகொண்டே ஒதுங்கி நின்றேன்.